சேதுக் கரையில் பிம்பம் சேமித்த வரலாறு

இராமநாதபுரம் சீமையின் கிழக்கு ஓரத்தில், மீனவர் வடகடல் என்று வழங்கும் பாக் விரிகுடாவும், தென்கடல் என்று வழங்கும் மன்னார் வளைகுடாவும் நெருங்கி வந்து பாம்பன் கால்வாயில் ஒன்றோடொன்று கலக்கும் அந்தக் குறுகிய பிரதேசத்தில், நிலம் என்பதை நிரந்தரமான வஸ்து என்று எவரும் எண்ணுவதில்லை. ஒரு பருவக்காற்றில் தலைகாட்டும் மணல்திட்டு மறு பருவத்தில் மறைந்துபோகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஜாபிதாவில் பெயரை மட்டும் வைத்துவிட்டு நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. ரயிலும் கப்பலும் சந்தித்த தனுஷ்கோடி என்னும் துறைமுகப் பட்டினம் 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அழிந்து, மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்காரால் அறிவிக்கப்பட்டது. பொருளே அழிந்துபோகக்கூடிய இத்தகைய ஓரிடத்தில், பொருளின் சாயலைப் பிடித்துக் காப்பாற்றி வைக்கும் தொழிலுக்கு வேறெங்கும் இல்லாத கனம் உண்டு. ஓடும் வீடியோவிலிருந்து ஒரு பிரேமை நிறுத்தி எடுத்து, கணிப்பொறி நிரல் ஒன்றின் மூலம் அதைச் சுருக்கி ஒரு படக்கோப்பாக எழுதிவைக்கும் இன்றைய வேலையை நான் அந்தத் தொழிலின் வம்சாவளியில் வைத்தே பார்க்கிறேன். இந்தக் கரையில் அந்த வம்சம் கணிப்பொறிக்கு வெகு காலம் முந்தியது.

இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்தின் சுவர்களில், கிழவன் சேதுபதிக்குப் பின் பட்டத்துக்கு வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சித்திரங்கள் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுகின்றன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஓரிடத்தில். ஐரோப்பியரை மன்னர் சபையில் வரவேற்பது வேறோரிடத்தில். இராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் அளிப்பது இன்னோரிடத்தில். இராமகதையும் பாகவதக் காட்சிகளும் வரிசை வரிசையாக. ஓவியன் எதை வரைய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அரண்மனையே தீர்மானித்தது. விட்டதைத் திரும்பப் பெற நமக்கு வழியில்லை. அவன் வைத்தது மட்டும், சுவரின் ஈரத்தையும் உப்பையும் பொறுத்துக்கொண்டு, இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

அரண்மனை விட்ட பணியைப் பின்னர் கடல் விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இராமேசுவரத் தீவைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலின் ஜீவராசிகளைச் சேகரித்தார். பாம்பனுக்குத் தெற்கே கைக்கெட்டும் தூரத்திலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி அதே அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தனி நூலையே வெளியிட்டது. 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் குடியேறி, ஏறத்தாழ இரண்டு தசாப்தங்கள் அங்கிருந்தே இந்தியா முழுவதற்கும் தலைமையிடமாக விளங்கிற்று. இந்த அறிஞர்கள் கையாண்ட முறை, பவளத்தையும் நட்சத்திர மீனையும் சாராயக் குப்பியில் இட்டு வைப்பது. சாராயம் வடிவத்தைக் காக்கும், நிறத்தைக் கரைத்துவிடும். கடலுக்குள் செந்நீலமாகவும் பழுப்பாகவும் ஒளிர்ந்த ஒரு ஜீவன் குப்பிக்குள் சில மாதங்களில் வெளிறிப்போகும் என்பதை அறிந்துதான், அவர்கள் உயிரோடிருக்கும்போதே அதன் நிறத்தைக் குறிப்பேட்டில் சொற்களால் எழுதிவைத்தார்கள். சேமிப்பு முறை எதை இழக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த இழப்பை வேறு வழியில் ஈடுசெய்த அந்த விவேகம் இன்று நிரல் எழுதுகிறவர்களிடமும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

வீடியோ பிரேமை நிலைப்படமாக்கும் வேலை உலகில் பெரிய அளவில் நடந்த இடங்களில் ஒன்று வானம். அதற்குக் காரணம் புயல். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 என்ற செயற்கைக்கோள், பெயரிலேயே தொலைக்காட்சியைத் தாங்கியது. அதன் வயிற்றில் இரண்டு தொலைக்காட்சிக் காமிராக்கள் இருந்தன. பூமியின் நிலையம் கண்ணுக்கு எட்டாதபோது எடுத்த பிரேம்களை ஒவ்வொரு காமிராவுக்கும் 32 படங்கள் கொள்ளும் காந்த நாடாவில் எழுதிவைத்துக்கொண்டு, நிலையம் எதிர்ப்பட்டதும் கீழே இறக்கிவிடும். கீழே என்ன செய்தார்கள்? வந்த சமிக்ஞையை ஒரு படக்குழாயின் திரையில் தோற்றுவித்து, அந்தத் திரையையே 35 மில்லிமீட்டர் பிலிமில் புகைப்படம் பிடித்தார்கள். பிரேம் வந்தது, நின்றது, படமானது: இன்று நான்கு வரி நிரலில் முடியும் காரியத்தை ஒரு திரையும் ஒரு புகைப்படப் பெட்டியும் சேர்ந்து செய்தன.

1963 டிசம்பர் 21-இல், தனுஷ்கோடி அழிந்த இரவுக்கு ஓராண்டும் ஒரு நாளும் முன், விண்ணேறிய டைரோஸ்-8 இன்னும் ஒரு படி சென்றது. உலகின் எந்த நாட்டு வானிலை நிலையமும் எளிய கருவி ஒன்றை வைத்துக்கொண்டு நேரடியாகப் படத்தை வாங்கிக்கொள்ளும் முறையை அது முதன்முதலாகச் சோதித்தது. படம் ஒன்றுக்கு 800 கோடுகள். விநாடிக்கு 4 கோடுகள். ஆகவே ஒரு பிரேம் வந்து சேர 200 விநாடிகள். காமிராவின் முகப்பில் பதிந்த பிம்பத்தை மூன்று நிமிஷத்துக்கு மேல் அழியாமல் தாங்கிக்கொண்டு, கோடு கோடாகச் சொல்லி அனுப்புவதற்காகவே விசேஷமான படக்குழாயைச் செய்தார்கள். அலைவரிசை குறுகலாயிருந்தபடியால் அவர்கள் கைவிட்டது காலத்தை. வேகம் வேண்டாம், முழுப்படம் போதும் என்று துணிந்தார்கள். புயல் ஒரு நாளைக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரை நகர்ந்தாலும் 200 விநாடியில் வெகு தூரம் போய்விடாது என்ற கணக்கு அந்தத் துணிவுக்கு ஆதாரம். பாம்பன் பாலத்தின் கர்டர்களைப் பெயர்த்து, 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடலுக்குள் கொண்டுபோன அந்தப் புயலுக்குப் பின் வந்த தலைமுறையில், 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி அனுப்பிய மேகப்படங்களை நம் மக்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்த்தார்கள். வங்கக்கடலில் சுழன்று நிற்கும் அந்த வெள்ளைப் பொட்டைச் செய்தியின் முடிவில் பார்த்துவிட்டுப் படகைக் கரையேற்றுவது இந்தக் கரையின் வழக்கங்களில் ஒன்றாயிற்று.

தொலைக்காட்சி என்றதும் இந்தக் கரைக்கே உரிய வேறொரு சங்கதியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னை தூர்தர்ஷன் ஒளிபரப்பு இவ்வளவு தெற்கே தெளிவாக எட்டாத எண்பதுகளில், 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. வீட்டு மொட்டைமாடியில் உயர்ந்த குழாயை நட்டு, உச்சியில் அலுமினிய ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்து, தென்கிழக்காகத் திருப்பிவிட்டால், தெளிவான இரவுகளில் சிங்களச் செய்தியும் தமிழ்ப்படமும் கிடைக்கும். பிற்பாடு இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தபோது, படம் பெற்றுக்கொண்டிருந்த கரை படம் கொடுக்கும் கரையாக மாறியது.

அதே காலத்தில் வீடியோ என்ற தொழிலும் ஊருக்குள் வந்து வேரூன்றிற்று. இராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி, மண்டபம் ஆகிய ஊர்களின் ஸ்டூடியோக்காரர் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தோளில் காமிராவைச் சுமந்து சென்று வி.எச்.எஸ். கேசட்டில் பதிவு செய்து கொடுத்தார்கள். வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போன கணவர்மாருக்கு அந்தக் கேசட்டுகள் பயணமாயின. பல குடும்பங்களில் ஒரு பாட்டிக்கோ மூத்த தாத்தாவுக்கோ தனிப் புகைப்படம் என்று ஒன்றும் இராது. பேத்தி கல்யாணக் கேசட்டில், பந்தியின் ஓரத்தில், மூன்று விநாடி வந்து போயிருப்பார். அவர் காலமானால், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கும் கூடத்தில் மாலை போடும் படத்துக்கும் அந்த மூன்று விநாடிதான் கதி. கேசட்டைக் கொண்டுவந்து, இதில் எங்கள் அப்பத்தா வருவார்கள், ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டு நிற்பவர்களுக்காக, ஸ்டூடியோக்காரர் கேப்சர் கார்டு மூலம் அந்தப் பகுதியைக் கணிப்பொறிக்குள் இறக்கி, ஒரு பிரேமை நிறுத்திப் பிடிப்பார்.

நிறுத்தியதும் முதல் சங்கடம் எழும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 பிரேம்கள். ஆனால் ஒவ்வொரு பிரேமும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டதன்று. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படைக் கோடுகள் ஐம்பதில் ஒரு விநாடி தள்ளியும் பதிவானவை. அப்பத்தா தலையைத் திருப்பியிருந்தால், நிறுத்திய படத்தில் கன்னத்தின் ஓரம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். திறமையுள்ளவர் ஒரு பாதிக் கோடுகளை விலக்கி, மீதியிலிருந்து இடைவெளியை நிரப்பிக்கொள்வார். உயரத்தின் நுட்பத்தில் பாதி போய்விடும், முகம் மட்டும் முகமாக இருக்கும். உப்புக்காற்றில் கேசட்டின் நாடா பூஞ்சை பிடித்து, வி.சி.ஆர். தலையைக் கெடுத்து, ஒருமுறை ஓடினால் மறுமுறை ஓடுமா என்ற சந்தேகம் எழும் வீடுகளில், அந்த ஒரு பிரேமே குடும்பத்தின் முழு ஆவணம்.

இந்த வேலை சாத்தியமாவதற்கு, படத்தைச் சுருக்கும் வித்தை வந்திருக்க வேண்டும். 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட ஒரு பிரேமை உள்ளபடியே வைத்தால் 12 லட்சத்து 44 ஆயிரத்துச் சொச்சம் பைட்டுகள்; விநாடிக்கு 25 என்றால் 3 கோடியே 11 லட்சம்; மூன்று மணி நேரக் கேசட் ஒன்று 336 ஜிகாபைட் ஆகிவிடும். தொண்ணூறுகளின் ஸ்டூடியோ ஒன்றின் வட்டில் அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே செல்வம். இந்த மலையைக் குன்றாக்கிய கணிதத்தில் தென்னாட்டவரின் பங்கு பெரிது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, 1972-இல் ஒரு யோசனையை அந்நாட்டு தேசிய விஞ்ஞான அறக்கட்டளைக்கு எழுதிப் பொருளுதவி கேட்டார்; கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாயிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியதாம். அவர் விடவில்லை. தம் மாணவரான டி. நடராஜனோடும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று டெக்சஸில் பேராசிரியராயிருந்த கே. ஆர். ராவோடும் சேர்ந்து, 1974 ஜனவரியில் தனிநிலைக் கொசைன் உருமாற்றம் என்பதைப் பிரசுரித்தார். உலகத்தின் புகைப்படங்கள் பெரும்பாலும் இன்று அந்தச் சில பக்கங்களின் மேல் நிற்கின்றன.

அதன் செய்முறையைச் சுருங்கச் சொல்கிறேன். படத்தின் ஒளியையும் நிறத்தையும் முதலில் பிரிக்கிறார்கள். மனிதக் கண் ஒளியின் நுட்பத்தைக் கூர்மையாகவும் நிறத்தின் நுட்பத்தை மந்தமாகவும் காண்பதால், நிறத்தின் விவரத்தை அநேகமாகக் கால்பங்காகக் குறைத்துவிடுகிறார்கள். பிறகு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாகச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தின் 64 மதிப்புகளையும் 64 அலை வடிவங்களின் கலவையாக மாற்றி எழுதுகிறார்கள். முதல் எண் சதுரத்தின் சராசரி வெளிச்சம். பின்வரும் எண்கள் மேன்மேலும் நுணுக்கமான மாறுதல்கள். இயற்கைக் காட்சிகளில் சாரம் முழுவதும் முதல் சில எண்களிலேயே தங்கிவிடுகிறது. நுணுக்கமான எண்களைப் பெரிய எண்ணால் வகுத்து முழுமையாக்கும்போது பெரும்பாலானவை சூனியமாகிவிடும். சூனியங்களை வரிசையாக எழுதுவதற்கு இடம் மிகக் கொஞ்சம் போதும். இழப்பு நிகழ்வது அந்த வகுத்தலில். மீனைக் கருவாடாக்குவது போன்ற காரியம் இது. நீரை வெளியேற்றியதால் மாதக்கணக்கில் நிற்கும், எத்தனை நீரில் ஊறவைத்தாலும் பழைய மீன் திரும்பாது. 1986-இல் கூடிய நிபுணர் குழு இதை ஒழுங்குபடுத்தி, 1992 செப்டம்பரில் சர்வதேச நியமமாக்கிற்று. குழுவின் பெயரே ஜேபெக் என்று படத்தின் பெயராயிற்று. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1991 அக்டோபரில், டாம் லேன் முதலான தன்னார்வலர்கள் இந்த முறையை நிரலாக எழுதி உலகுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். ஊர் ஸ்டூடியோவின் கணிப்பொறி வரையில் அந்தத் தானம் வந்து சேர்ந்தது.

இனி, இன்று தீவுகளில் நடப்பது. 1986-இல் தேசியப் பூங்காவாகவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில், 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியதால் பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் தசைக்குள் குடியிருந்து நிறமும் உணவும் தரும் நுண்பாசி வெளியேறிவிட, உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. சூடு தணிந்தால் பாசி திரும்பலாம், தணியாவிட்டால் பவளம் சாகும். ஆகவே எந்தப் பவளப் பாரில் எத்தனை பங்கு வெளுத்தது, அடுத்த பருவத்தில் எத்தனை பங்கு நிறம் பெற்றது என்பதைக் கணக்கெடுக்க, நீர்மூழ்குநர் ஒரு நாடாவை அடித்தரையில் விரித்து, அதன் மேலாகக் காமிராவை மெல்லக் கொண்டுசெல்கிறார்கள். கலங்கல் அடங்கி நீர் தெளியும் சில வாரங்களே இதற்கு வாய்ப்பு. கரைக்கு வந்தபின், அந்த வீடியோவிலிருந்து ஒன்றின் மேல் ஒன்று விழாத இடைவெளியில் பிரேம்களை எடுத்து, படக்கோப்புகளாக எழுதி, ஒவ்வொன்றின் மேலும் புள்ளிகளைத் தூவி, புள்ளியின் கீழ் இருப்பது உயிர்ப்பவளமா, வெளுத்ததா, இறந்ததா, மணலா என்று எண்ணுவது உலகெங்கும் வழங்கும் முறை. அதற்கென்றே மென்பொருளும் உண்டு.

சுருக்குவதில் வரும் சிறு அலட்சியம் விஞ்ஞானத்தையே பிசகவைக்கும் இடம் இது. நீருக்குள் செவ்வொளி சில மீட்டர் ஆழத்திலேயே பெருமளவு மங்கிவிடுகிறது. எஞ்சிய சிறு நிறவேறுபாட்டைத்தான் கண் வெளுப்புக்கும் நலத்துக்கும் அடையாளமாகக் கொள்கிறது. ஜேபெக் முதலில் கை வைப்பதோ நிறத்தின் நுட்பத்தில். கல்யாண வீட்டு முகத்துக்குப் பொருத்தமான சிக்கனம் பவளக் கிளையின் நுனிக்குப் பொருந்தாது. கலங்கலில் மிதக்கும் மண்துகள் ஒவ்வொன்றும் நுணுக்கமான மாறுதல் என்று கணக்கில் ஏறி, கோப்பின் இடத்தைத் தின்றுவிடும். மங்கலான பாறைச் சரிவு எட்டுக்கு எட்டுச் சதுரங்களாகப் படிக்கட்டு கட்டி நிற்கும்.

நிரலிலும் கண்ணிகள் உண்டு. இன்டெல் நிறுவனத்தில் 1999-இல் பிறந்து இன்று உலகெங்கும் வழங்கும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுதியில் பிரேமை எழுதும் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: கோப்பின் பெயரில் ஜேபெக் என்று முடிவு கொடுத்தால் ஜேபெக், பிஎன்ஜி என்று கொடுத்தால் இழப்பில்லாத பிஎன்ஜி. தரம் என்ற எண் 0 முதல் 100 வரை. சொல்லாவிட்டால் அது 95 என்று எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகுதி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருக்கிறது. மற்றத் தொகுதிகள் பல சிவப்பை முதலில் எதிர்பார்க்கின்றன. இரண்டையும் கலந்து எழுதும் கவனக்குறைவான நிரலில் சிவப்பும் நீலமும் இடம் மாறி, பழுப்பான ஆரோக்கியப் பவளம் நீலம் பூத்து நிற்கும். வெளுத்ததோ வெண்மையாகவே இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது. எழுதச் சொன்ன அடைவு வட்டில் இல்லாவிட்டால் அந்தக் கட்டளை கூச்சலிடுவதில்லை. எழுதவில்லை என்ற விடையை மட்டும் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமலிருக்கும். விடையைக் கேட்காத நிரல் ஆயிரம் பிரேம் எடுத்ததாக நம்பிக்கொண்டு ஒன்றுமில்லாத அடைவோடு முடியும். தெளிந்த நீர் கிடைத்த வாரம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

காமிராவே வீடியோவைச் சுருக்கித்தான் பதிகிறது என்பதையும் மறக்கலாகாது. சில பிரேம்களை முழுமையாகவும், இடையிலுள்ளவற்றை முன்பின் பிரேம்களிலிருந்து வேறுபடும் பகுதிகளாகவும் எழுதுவது அதன் வழக்கம். அங்கே இழந்ததை நம் நிரல் 100 தரத்தில் எழுதினாலும் மீட்காது. ஆகவே மூல வீடியோவை அழிக்காமல் காப்பது முதல் கடமை. எடுத்த பிரேமை மீண்டும் மீண்டும் திறந்து ஜேபெக்காகவே எழுதாமலிருப்பது இரண்டாவது. நிரல் எழுதிய கோப்பில் காமிரா தானே பதியும் தேதியும் இடமும் ஒட்டிக்கொண்டு வராது என்பதால், தீவின் பெயர், ஆழம், நாள், பிரேம் எண் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவது மூன்றாவது. சாராயக் குப்பியின் கழுத்தில் சீட்டுக் கட்டிய பழைய அறிஞர்களின் ஒழுக்கமே இது.

வடகடலில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டபின், இந்தத் தொழில் மீனவரின் கைக்கே வந்துவிட்டது. ஆவுளியா என்று அவர்கள் அழைக்கும் கடற்பசு வலையில் சிக்கினால், வலையை அறுத்து அதைக் கடலில் விடுவித்து, விடுவிப்பதைக் கைபேசியில் படம்பிடித்து வனத்துறைக்கு அனுப்புகிறார்கள். அறுத்த வலையின் நஷ்டத்துக்கும் செய்த நற்காரியத்துக்கும் அந்த வீடியோவே சாட்சி. செய்தி அனுப்பும் செயலி வழியாக அது போகும்போது இன்னொரு முறை சுருங்கி, விலங்கின் முதுகிலுள்ள தழும்பு, வாலின் வெட்டு முதலிய, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் அடையாளங்கள் மங்கிவிடுகின்றன. அதே செயலியில் டாக்குமெண்ட் என்ற வழியாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். கடற்கரைக் கிராமங்களில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் இந்த ஒரு சிறு செய்முறையை இளைஞர்களுக்குக் கைபேசியிலேயே செய்துகாட்ட வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.